இரண்டு அடுப்படி, ஒரு டிரம்

அக்கா,

இன்று காலை மாடியில் உர டிரம்மின் மூடியைத் திறந்தேன். புது மண்ணின் வாசனை. ஒரு பிடி அள்ளி உங்களிடம் காட்டத் திரும்பினேன். துணிக்கொடிதான் ஆடிக்கொண்டிருந்தது.

சேவூர் வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தேன். ஊருக்கு நாம் ஓரகத்திகள். எனக்கு நீங்கள் அக்கா. மாடித்தோட்டம் உங்கள் யோசனைதான். பழைய தண்ணீர் டிரம்மில் ஓட்டை போட்டு, காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிக் கொட்டினோம். முதலில் நாறியது.

"ஈரம் ஜாஸ்தியாயிடுச்சிடி. எலைய அள்ளிப் போடு, அடங்கிடும்" என்றீர்கள். அடங்கியது. சாக்குப் பைகளில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன.

பிறகு தறி போட்டிருந்த கூடத்தைப் பிரிப்பதில் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனான மாமாவுக்கும் தகராறு. நடுவில் சுவர் எழுந்தது. சமையல் இரண்டானது. நாமும் ரோஷத்தில் பேச்சை நிறுத்தினோம். மாடியை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. காலையில் நீங்கள் கொட்டிய கீரைக்காம்பின் மேல், சாயங்காலம் என் வெங்காயத்தோல் விழும்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இவர் செய்யார் கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுக்கொண்டார். எனக்கு டீதான் இறங்கியது. வேலைக்குப் போகுமுன் அந்த டீத்தூளை மாடியில் கொட்டிவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். மிளகு ரசமும் குழைந்த சோறுமாக நீங்கள்.

"ரெண்டு மூணு நாளா டிரம்முல ஒன் பங்குக்கு டீத்தூள் மட்டும்தான் கீது. அடுப்பு பத்த வெக்கலியாடி?"

"மாமா பாத்தா திட்டுவாருக்கா."

"திட்டிகினு கெடக்கட்டும். நீ வாயத் தொற."

ஊட்டிவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்தச் சுவர் ஆண்களுக்கு மட்டும்தான்.

போன வருஷம் உங்கள் இதயம் பலவீனம் என்றார்கள். படியேறக் கூடாது. பறித்த காய்களை நான் உங்கள் கட்டிலில் பரப்புவேன்; ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பீர்கள். ஒருநாள், "செடிங்கள ஒரு தரம் பாக்கணும்டி" என்றீர்கள். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துத் தூக்கப் பார்த்தார். தனியாக முடியவில்லை. சத்தம் கேட்டு இவர் வந்து வாசலில் தயங்கி நின்றார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாத்துகினு நிக்கிற? அந்தப் பக்கம் புடிடா."

அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. மாடி வெயிலில் வெண்டைப்பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்து, அவர்களுக்குத் தெரியாமல் என்னிடம் கண்ணடித்தீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இன்றும் பறித்ததில் பாதியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். கை தானாகவே இரண்டு கூறாகப் பிரித்துவிடுகிறது. மாமாவும் இவரும் வாசலில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத்தான் பேச ஆள் இல்லை, அக்கா.