எலிகளின் ஆறு மணி

11 ஜூன் 1996, தெமோதரை

மறுபடியும் வரைபடத்தில் கோடு படுத்துவிட்டது.

மூளையில் ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததும் மிச்சத்தைத் துடைத்துவிடும் ஒரு நொதியம். விடியலில் அது ஏற வேண்டும், பிறகு தணிய வேண்டும். எலி மூளையில் அதைத்தான் நேரம் பார்த்து அளக்கிறேன். ஆறு மணி அளவு மட்டும் ஒருநாள் பள்ளம், மறுநாள் மேடு. சராசரி எடுத்தால் தரை.

ஜூலை பதினைந்துக்குள் கட்டுரை வரைபு போகாவிட்டால் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு இடம் வேறொருவருக்கு.

13 ஜூன்

மின்வெட்டு. பல்பை நம்பிப் பயனில்லை. நல்லவேளை, எலிக் கூடுகளை மே தொடக்கத்திலேயே ஜன்னலோரம் தள்ளிவிட்டேன். இருட்டும் வெளிச்சமும் அன்றிலிருந்து வானத்தின் பொறுப்பு.

மாதிரிகள் வைத்த பனிக்கட்டிக் குடுவையோடு நான் பதுளை ஆய்வகத்துக்குப் போகும் நாட்களில் விசாலாட்சி அக்காதான் ஆறு மணி மாதிரியை எடுப்பார். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டப்படும்வரை அங்கே காயம் கட்டியவர். அப்புறம் கொழுந்து பறிக்கும் வேலை. அதை விடச்சொல்லிக் கூட்டிவந்தது நான். இந்த அறையே அந்தப் பழைய டிஸ்பென்சரிதான். அவர் கை நடுங்காது. என் கை நடுங்கும்.

19 ஜூன்

பதுளை. என் ஆய்வை மேற்பார்க்கும் ஸ்ரீஸ்கந்தராஜா சேர் தாளைப் பார்த்தார்.

“மேடெல்லாம் அந்த மனுசி எடுத்த நாளிலதானே வருது. அந்த நாளுகளை வெட்டிவிடும், பிள்ளை. படிக்காத ஆள், நேரம் பாக்கத் தெரியாது.”

என் அம்மாவும் படிக்காத ஆள்தான். தலையாட்டினேன்.

20 ஜூன்

சிவப்புப் பேனையால் வெட்டினேன், பதினொரு நாட்கள்.

அக்காவிடம் கேட்டேன், ஆறு மணிக்குத்தான் எடுத்தீங்களா?

“ஆமா பாப்பா. பெரட்டு மணி அடிச்ச கையோட.”

பொய் சொல்லாதீங்க. என் வாய்தான் அது. என் வாயேதான்.

அக்கா கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து வைத்தார். “படிச்ச புள்ள. இனிமே நீயே வெட்டிக்க.”

21 ஜூன்

வரவில்லை.

2 ஜூலை

எல்லா ஆறு மணியும் இப்போது நான் எடுத்தது. எல்லாம் பள்ளம். சுத்தமான, ஒழுங்கான பள்ளம். மலை எங்கே? இல்லாத மலைக்கா இத்தனை எலி? டார்ச்சுக்கு மறுபடியும் பேட்டரி வாங்க வேண்டும்.

8 ஜூலை

ஆறு மணி மாதிரியை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வெளுத்தது. பெரட்டு மணி அடித்தது, ஆட்களை வேலைக்கு நிறுத்தும் மணி. ஆறு மணிக்கு அடிப்பது.

கைக்கடிகாரத்தில் ஏழு.

மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. அன்றே என் கடிகாரத்தைத் திருப்பியவள் நான். தோட்டம் திருப்பவில்லை. லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ‘பழைய நேரம், பழைய நேரம்’ என்பார்கள். சிரித்திருக்கிறேன்.

எலிகளுக்கு யார் அறிவித்தது? ஜன்னல் மட்டும்தானே.

டார்ச் பிடித்து இருட்டில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா ஒருநாளும் டார்ச் கேட்டதில்லை. அதையாவது கவனித்தேனா!

சிவப்புக் கோடுகளின் அடியிலிருந்து எண்களைப் பெயர்த்தெடுத்தேன். என்னுடையவற்றைப் பழைய நேரப்படி ஐந்து மணிக்கு நகர்த்தினேன். அக்காவுடையவை ஆறிலேயே.

மலை நின்றது.

9 ஜூலை

லயத்துக்குப் போனேன். அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எலிக்கு வெளங்குனது ஒனக்கு வெளங்க ரெண்டு மாசமா பாப்பா?” சிரித்தார். “டீ குடிச்சிட்டுப் போ.”

நாளை வாங்க என்றேன்.

“பேரு பதிஞ்சாச்சு. கொழுந்துக்குப் போறேன். அங்க என்னய யாரும் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்க.”

சிரிப்பு அப்போதும் முகத்தில் இருந்தது.

12 ஜூலை

“அருமை பிள்ளை. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளதான் ஏறுது!” என்றார் சேர். மேடு யார் எடுத்தது என்று சொன்னேன். தாளைப் புரட்டினார்.

வரைபின் அடியில் ‘மாதிரி சேகரிப்பு: விசாலாட்சி’ என்று எழுதி அனுப்பினேன்.

16 ஜூலை

இடம் கிடைத்துவிட்டது.

காலை ஆறு, பழைய நேரம். கடிகாரத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். பெரட்டு மணி அடித்தது. அக்கா கூடையோடு மேட்டில் ஏறிப்போவது ஜன்னலில் தெரிந்தது. கைகாட்டினேன்.

டார்ச் தேவைப்படவில்லை. கத்தரிக்கோலை நானே எடுத்தேன்.