மசினிசாவுக்கு ஒரு கரண்டி

கான்ஸ்டன்டைன்,
ஜனவரி 11

அன்புத் தங்கை ஸெர்பாவுக்கு,

ஒரு பெயர் யாருக்குச் சொந்தம்? உன் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பிறக்கப்போகும் மகனுக்கு மசினிசா என்று பெயர் வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நம் கோத்திரங்களை ஒன்றாக்கிய அரசன் பெயர், மான்ட்ரியலில் யாரும் தடுக்கமாட்டார்கள் என்கிறாய். ஒன்றாக்கினானா, பணியவைத்தானா என்று என் மாணவர்களிடம் இருபது வருடமாகக் கேட்கிறேன். பணிந்தவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. பெயர் விஷயத்தை அவளிடம் போன மாதமே சொல்லிவிட்டாயாம். தெருவுக்கே தெரியும். நாளை நம் புத்தாண்டு, யென்னாயர் விருந்து. தூரத்தில் இருப்பவர்களுக்காக வைக்கிற கரண்டியை, அதாவது உன்னுடையதை, இன்றே எலுமிச்சை போட்டுத் தேய்த்துவிட்டாள். பதினோரு வருடமாக அது பளபளக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் உப்பு போதுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றியதில்லை. சின்ன வயதில் அந்த அரசனின் கல்லறையைப் பார்க்கப் போனோமே, அன்றும் அப்பா உன்னைத்தான் தோளில் தூக்கினார். நான் உன் செருப்பைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. கிழித்துப்போடவும் மனமில்லை.

என் மகன் பிறந்தபோது உனக்குப் பதினாறு வயது. அவனைப் பதிய நானே போனேன். எழுத்தர் அரசு அனுமதித்த பெயர்ப் பட்டியலைப் புரட்டிவிட்டு, "இந்தப் பேரு இதுல இல்லம்மா. செத்த ராஜா பேரெல்லாம் எதுக்கு? வேற ஒண்ணு சொல்லுங்க" என்றார். மசினிசாதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர்கள் இறங்கிவருவார்கள் என்று காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. அடக்கம் செய்த ஏட்டில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது.

உனக்கு மறந்திருக்கும். உனக்குத்தான் எதுவும் கேட்டவுடன் கிடைத்துவிடுகிறதே.

பெயரை வைத்துக்கொள். ஆனால் மசி, மாசி என்றெல்லாம் சுருக்காதே. முழுதாகக் கூப்பிடு. எனக்கு அதற்கு ஒன்பது நாள்தான் கிடைத்தது. நல்லபடியாகப் பெற்றெடு. இருவரும் சுகமாக இருங்கள்.

உன் அக்கா,
ஊனிஸா

ஜனவரி 12

உறையை இன்னும் ஒட்டவில்லை. இன்று அம்மா உன் கரண்டியை வைத்ததும், அதன் பக்கத்தில் நான் ஒரு சின்னக் கரண்டி வைத்தேன்.

"இது யாருக்கு?" என்றாள்.

மசினிசாவுக்கு என்றேன்.

"எந்த மசினிசாவுக்குடி?"

அம்மா குழம்பை மொண்டு, அந்தச் சின்னக் கரண்டியைத்தான் முதலில் நிறைத்தாள். பிறகு என்னிடம் உப்பு போதுமா என்று கேட்டாள்.