ரிலீவர் வந்தாச்சு

மூக்கண்டப்பள்ளி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் வினோதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே எல்லையில் அந்தக் குளிரில் நீயும் உன்னோடு காவலுக்கு நிற்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். நன்றாக இருக்கிறோம் என்று எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுவார்கள், நான் அப்படி எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன், அதை நீ நம்புகிற வரைக்கும் இந்தக் கடிதத்தை முடிக்கப் போவதில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் முகாமில் சிக்னல் கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் உன் அப்பாவே பேசித் தீர்த்துவிடுகிறார், கடைசியில் போன் என் கைக்கு வரும், அம்மா சாப்ட்டியா என்பாய், ம் என்பேன், லைன் போய்விடும். போன வாரம் நீ அவரிடம் பேசியது எனக்கும் கேட்டது. அம்மாவ இப்படி விட்டுட்டு என்னால இங்க நிக்க முடியலப்பா, இந்த மாசமே பேப்பர் போட்டுட்டு ஊருக்கு வந்துடறேன் என்றாய். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன் என்று அடம்பிடிக்கிற மனுஷனிடம் ரகசியம் சொன்னால் இப்படித்தான். நீ அந்த வேலைக்காக எத்தனை விடியலில் கிரவுண்டில் ஓடினாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே, முதலில் இதை முழுசாகப் படி.

போன லீவில் நீ பார்த்த அம்மா உன் கண்ணிலேயே நிற்கிறாள், அது எனக்குப் புரிகிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளை உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாய், சிக்கு எடுக்கும்போது வலித்தது, வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. கம்பெனியில் நான் வயர் கோத்த லைனை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியதும் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் விடிந்தாலே பயமாக ஆகிவிட்டது. எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை, அழுகையும் வரவில்லை. நீ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினாயே அந்தச் சின்ன டாக்டரம்மா, அவர் தந்த மாத்திரையில் பாதி சரியானது. மீதிக்கு அவர் என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா, ஜிம். மாநகராட்சிப் பூங்காவுக்குள் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே அந்த ஜிம்முக்குப் போ என்று சீட்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜிம்மாங்க, எனக்கா, அது தெனம் நாலு முட்டை குடிக்கற பசங்க போற எடமாச்சே என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரைய நிறுத்தச் சொல்லலம்மா, இதையும் மருந்துன்னே நெனச்சுக்குங்க, மனசு சரியில்லாதவங்களுக்காக நம்ம ஊர்ல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க, ஃபீஸ் கவர்மெண்டே கட்டிடும், பதினோரு மணிக்குப் பொம்பளைங்க மட்டுந்தான் இருப்பாங்க என்றார்.

டாக்டர் சீட்டு எழுதி ஓரிடத்துக்குப் போகச் சொன்னால் உன் அப்பாவுக்கு அர்த்தம் ஒன்றுதான், அட்மிஷன். முதல் நாள் தலையணை, போர்வை, தட்டு, டம்ளர், ஃபிளாஸ்க்கில் கஞ்சி, மாற்றுச் சேலை எல்லாம் கட்டப்பையில் திணித்துக்கொண்டு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜிம் வாசலில் அத்தனையையும் இறக்கி வைத்துவிட்டு, பெட்டு எந்தப் பக்கம்ங்க என்று கேட்டார். அங்கே சொல்லிக் கொடுக்கிற பெண் வீரலட்சுமி, அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறாள், பாதி கன்னடம் பாதி தமிழ், கட்டப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்கு சார் பிரசவம் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது வினோதா. வெளியே வரவில்லை, உள்ளுக்குள்ளேயே வந்தது, ஆனாலும் வந்தது. எவ்வளவோ நாளாகி வந்த சிரிப்பு என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் பூங்காவில் புங்கமரத்தடி பெஞ்சில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன். சொல்ல மறந்துவிட்டேன், காலில் போட்டிருந்தது உன் ஷூ. நீ செலக்‌ஷனுக்கு ஓடினாயே அந்த நீல ஷூ, பரணில் கிடந்தது, கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் பெரிசு, இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாக இருக்கிறது.

முதல் நாள் நான் பண்ணின கூத்தைக் கேள். நடக்கிற மிஷினில் என்னை ஏற்றி மெதுவாக ஓடவிட்டு, சிவப்பு பட்டன் அமுக்கினால் நிற்கும் என்று காட்டிவிட்டு, நடங்கக்கா வந்துடறேன் என்று சொல்லி வீரலட்சுமி போனாள். போனவள் தண்ணி மோட்டார் ஓடவில்லை என்று யாரோ கூப்பிட அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். நான் நடக்கிறேன், நடக்கிறேன், கெண்டைக்கால் கடுக்கிறது, வேர்த்து ஊற்றுகிறது, பட்டன் கண்ணெதிரே இருக்கிறது, கை போகவில்லை. பதினெட்டு வருஷம் கன்வேயர் முன்னால் நின்று வயர் கோத்தவள் நான். கன்வேயர் ஓடும்போது இடத்தை விட்டு நகரக் கூடாது. பாத்ரூம் போவதானாலும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், ரிலீவர் வந்து பின்னால் நின்று தோளைத் தொட்டு, நான் வந்துட்டேன், நீ விடு என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கையில் இருக்கிற வயரை விட வேண்டும். உனக்கும் அதே சட்டம்தானே, அடுத்த ஆள் வராமல் காவல் இடத்தை விட்டு நீ அசைய முடியாது. கடைசியில் வீரலட்சுமி ஓடி வந்து, அய்யோ அக்கா, இன்னும் எறங்கலியா, எதுக்கு இப்படி நடக்கறீங்க என்றாள். ரிலீவர் வரலம்மா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் சுகுணா, தெலுங்குக்காரி, அவளும் வேறு கம்பெனியில் இதே வயர் வேலை பார்த்தவள், அவளுக்குத்தான் அது புரிந்தது. சிரித்துக்கொண்டே வந்து என் தோளைத் தொட்டு, நான் வந்துட்டேன்க்கா, நீ விடு என்றாள். இறங்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பசித்தது. நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், உன் அப்பா இரண்டாம் முறையும் சோறு போட்டுவிட்டுப் பாத்திரத்தையே என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்கப்புறம் தினமும் போகிறேன். வீரலட்சுமி ஒந்து எரடு மூரு என்று எண்ணுவாள், சுகுணா தெலுங்கில் எண்ணுவாள், நான் தமிழில், நடுவில் யாராவது தப்பாக எண்ணினால் எல்லாருக்கும் தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. நான்தான் அடிக்கடி தப்புவேன், வேண்டுமென்றே என்று சுகுணா திட்டுவாள். இன்னொன்று கேள், போன வாரம் சிலிண்டர்காரர் வழக்கம் போலக் கீழேயே உருட்டிவிட்டுப் போய்விட்டார். உன் அப்பா ஷிப்டில் இருந்தார். நான் முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, வீரலட்சுமி சொன்னபடியே தூக்கி, படிப்படியாக வைத்து வைத்து மாடிக்குக் கொண்டு வந்துவிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, யாரு தூக்கினாங்க, அவங்களுக்குக் காபி தண்ணி குடுத்தியா என்றார். குடுத்தேன், ரெண்டு டம்ளர் குடிச்சாங்க என்றேன். அப்புறம் உண்மை தெரிந்து பக்கத்து வீடு, கீழ் வீடு, டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உன்னிடமும் சொல்லத்தான் போன் எடுத்தார், நீதான் பேப்பர் போடும் பேச்சை ஆரம்பித்துவிட்டாய்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். மாத்திரை இன்னும் உண்டு, ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பழைய கனம் மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, பல் துலக்கவும் மனசில்லை. உன் அப்பா வீரலட்சுமிக்குப் போன் போட்டார். எதுவும் செய்ய வேணாம்க்கா, வந்து சும்மா உக்காருங்க போதும் என்றாள். போய் உட்கார்ந்தேன், மற்றவர்கள் எண்ணுவதைக் கேட்டேன், திரும்பி வந்தேன். புதன்கிழமை பரவாயில்லை. முன்பெல்லாம் அந்தக் கனம் வந்தால் மாதக்கணக்கில் போகாது, அதுதான் வித்தியாசம்.

இப்போது உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. டாக்டரம்மா சீட்டோடு ப்ரீதா என்று ஒரு பெண் வந்தாள், சாமல்பட்டியில் பிறந்தவள், உன்னைவிடச் சின்னவள், புருஷன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் கைக்குழந்தையோடு தனியாக ஒற்றை ரூமில் இருக்கிறாள். வந்தவள் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை, பிள்ளையை இறுக்கிக்கொண்டு கதவோரமே நின்றாள். மறுநாளும் அப்படியே. குடும்மா நான் வெச்சுக்கறேன் என்று வீரலட்சுமி கேட்டாள், சுகுணா கேட்டாள், தரவில்லை. கையை விட்டால் ஏதோ ஆகிவிடும் என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் மிஷினில் நடந்துகொண்டே பார்த்தேன். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சட்டென்று சிவப்பு பட்டனை அமுக்கினேன், யாரும் வந்து தோளைத் தொடவில்லை, நானாகவே அமுக்கினேன். போய் அவளுக்குப் பின்னால் நின்று, தோளில் கை வைத்து, யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். நான் வந்துட்டேன், நீ விடு. அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். போய் அந்த மிஷினில் ஏறி நடந்தாள், அழுதுகொண்டே நடந்தாள், அழாதே என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை என் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்தது. இப்போது தினமும் வருகிறாள், ரிலீவர் அக்கா எங்க என்று என்னைத் தேடுகிறாள், ஜிம்மில் என் பெயரே அதுவாகிவிட்டது. டாக்டரம்மா காதுக்கும் போயிருக்கிறது, நான் புதுசா அனுப்பறவங்களோட முதல் நாள் நீங்க கொஞ்சம் நில்லுங்கம்மா என்று கேட்டிருக்கிறார். எனக்கு மறுபடியும் காலையில் எழுந்து போக ஓரிடம் இருக்கிறது வினோதா.

இரண்டு சாக்ஸ் எப்போதும் பையில் வைத்துக்கொள், ஈரமானால் உடனே மாற்று. ராத்திரிக் காவலுக்குப் போகுமுன் எதையாவது சூடாகக் குடி. மேலதிகாரி திட்டினால் அன்றைக்கே மறந்துவிடு, உன் அப்பா மாதிரி வருஷக்கணக்கில் சேர்த்து வைக்காதே. லீவுக்கு வா, லீவு முடிந்ததும் போ, வரும்போது எனக்கு ஒரு ஷூ வாங்கி வா, என் அளவில். மாதேஸ்வரன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் பக்கத்தில் நிற்கிறவர்களையும் அப்படியே வைத்திருக்கட்டும்.

ப்ரீதாவின் பிள்ளையைக் கையில் வைத்திருந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். அங்கே எல்லையைக் காத்துக்கொண்டு நிற்கும்போதே என்னையும் இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். உன் பின்னால் வந்து நின்று தோளைத் தொட முடியாத தூரம். அதனால் எழுதுகிறேன். நான் வந்துட்டேன் கண்ணு, நீ விடு.

இப்படிக்கு
உன் அம்மா,
தீ. மாதேஸ்வரி.