காற்று மாறும் நேரம்

என்னங்க,

நேற்று நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தோம். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. தொட்டிக்குள் இருக்கிற வால்வு கெட்டுப்போய் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. மெக்கானிக் இரும்பு மூடியை நகர்த்தியதும் தரைக்குக் கீழேயிருந்து அந்த வாடை வந்தது. பாசியும் துருவும் பழைய ஈரமும் சேர்ந்த வாடை. வேலை முடிந்து நீங்கள் வரும்போது சட்டையில் கொண்டு வருவீர்களே, அதேதான். எத்தனை வருஷம் அந்தச் சட்டைகளைத் துவைத்தேன். முகம் சுளித்துக்கொண்டேதான் துவைத்தேன்.

நான் அந்த வாடையில் நின்றுகொண்டிருக்கும்போதே மெக்கானிக் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டார். நாற்பது வயது ஆள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துகொண்டது.

"கால எடுங்க! மேல வாங்க!"

"என்னாக்கா, பாம்பா?"

"காத்து மாறட்டும். அரை மணி ஒக்காருங்க."

"அக்கா, எனக்கு மணிக்கு நானூறு. ஒக்காந்தாலும் ஓடும். அப்புறம் ரேட்டு ஜாஸ்தின்னு நீங்கதான் சண்டைக்கு வருவீங்க."

ஓடட்டும் என்றேன். உட்கார்ந்தார். முடிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டார், கொடுத்தேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கொடுக்கும்போது கை கூசியது. பொம்மைக் கம்பெனியில் எனக்கு அது இரண்டு நாள் கூலிக்கும் மேலே. சும்மா உட்கார்ந்ததற்குமா என்று ஒரு நிமிஷம் மனசு கேட்டுவிட்டது. உங்களைப் பறிகொடுத்த எனக்கே அப்படித் தோன்றுகிறது என்றால், மற்றவர்களை என்ன சொல்ல?

அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தப்பும் தவறுமாகத்தான் வரும். ஆனால் இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் குழாய் வேலைக்குப் போனால் முதலில் சுற்றிப் பார்ப்பீர்கள். சுவரைத் தட்டுவீர்கள், குழாயில் காது வைப்பீர்கள். பிறகு மொத்தமாக ஒரு தொகை சொல்வீர்கள். அரை நாளில் முடிந்தாலும் அதுதான், இரண்டு நாள் இழுத்தாலும் அதுதான். மறுநாள் காலையில் போய் ஒழுகல் நின்றதா என்று பார்த்துவிட்டு வருவதும் அதற்குள் அடக்கம். தொட்டி வேலை என்றால் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். அரை மணி கழித்து ஒரு டப்பாவில் கற்பூரம் ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவீர்கள். எரிந்துகொண்டே இருந்தால் இறங்குவீர்கள். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று இருக்கிறது என்று மறுபடியும் போய் உட்காருவீர்கள். "கற்பூரம் நிக்காத எடத்துல நான் நிக்க மாட்டேன்" என்பீர்கள். அப்படி உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரர்கள் டீ கொடுப்பார்கள். ஏன் சும்மா இருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மொத்தமாகப் பேசியாயிற்று, உட்கார்ந்தால் அவர்களுக்கு என்ன?

அதை மாற்றியது நான்.

அந்த மாசி மகத்துக்கு என் தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தானே. ஏ.சி. ரிப்பேர் வேலை. சோறு சாப்பிடும்போது சொன்னான், "மாமா, எங்க பக்கமெல்லாம் வூட்டுக்குள்ள கால வெச்சா மீட்டரு ஓடும். மணிக்கு இவ்ளோன்னுதான் பேச்சு." நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பழைய வீட்டில் சுவரை உடைத்து மூன்று நாள் உழைத்துவிட்டு ஒரு நாள் கூலியோடு வந்திருந்தீர்கள். நான் கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து சூளைக்குப் போகாத பச்சைக் களிமண் பொம்மைகளின் ஓரம் சீவுகிறவள். ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உடைந்தால் அதற்குக் காசு கிடையாது. நம் இரண்டு பேர் உழைப்புமே இப்படிப் போகிறதே என்று எனக்கு ஆற்றாமை.

ஒரு மாசம் விடாமல் பேசினேன். "மணிக்கு முந்நூறுன்னு சொல்லுங்க. உழைச்ச நேரத்துக்குத்தானே கேக்கறோம்? இதுல என்ன அநியாயம் இருக்குது?"

"மணிக்குன்னு சொன்னா அவன் மணியத்தான் பாப்பான். வேலையப் பாக்க மாட்டான்டி."

"நீங்க இப்படியே தத்துவம் பேசிக்கிட்டு இருங்க. ஊரு ஒழுகலெல்லாம் அடைங்க, நம்ம வூட்டு ஒழுகல யாரு வந்து அடைப்பா?"

அடுத்த வேலைக்கே மணிக்கு முந்நூறு என்று பேசிவிட்டு வந்தீர்கள்.

முதல் இரண்டு மாசம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு நீங்கள் சொன்னது நடந்தது. குழாய் வாங்கக் கடைக்குப் போன நேரத்தைக் கழிக்கச் சொன்னார்கள். டீ குடித்த நேரத்தைக் கழிக்கச் சொன்னார்கள். தனியாக இருந்த ஒரு வயசான அம்மா நீங்கள் வேலை செய்யச் செய்ய வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார் என்று சொல்லி வருத்தப்பட்டீர்கள். அவரிடம் பாதிதான் வாங்கினீர்கள். அதற்கும் நான் சண்டை போட்டேன்.

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டோ ஓட்டுகிற சேகர் அண்ணன் சொன்னதுதான். ஜங்ஷன் பக்கம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு. வாடகைக்கு விடுவதற்காகச் சொந்தக்காரர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். மோட்டாரை அண்ணன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்று அவரும் அங்கேயே நின்றார். நீங்கள் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள்.

"என்னப்பா, வந்ததும் ஒக்காந்துட்ட?"

"காத்து மாறணும் சார்."

"நீ காத்து வாங்குறதுக்கெல்லாம் நான் மணிக்கு முந்நூறு தரணுமா?"

வீட்டுக்காரர் வேடிக்கையாகத்தான் கேட்டார், சிரித்தார் என்று அண்ணன் சொன்னார். செல்லை எடுத்து மணி பார்த்தீர்களாம். "மாப்ள வேலை நேரத்துல மணி பாத்து நான் பாத்ததே இல்ல தங்கச்சி" என்று அண்ணன் அழுதார். எழுந்து போய் இறங்கிவிட்டீர்கள். கற்பூரம் பையிலேயே இருந்தது. கொளுத்தியிருந்தால் அணைந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பின்னாலேயே குதிக்கப் போன அண்ணனை அக்கம்பக்கத்தார் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்கள் கருமாதிக்கு அந்த வீட்டுக்காரர் வந்தார். தெருவே அவரைத் திட்டியது. மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர் என் முன்னால் கை கட்டி நின்று, "நான் எறங்கச் சொல்லலைம்மா. மணிக்குன்னு பேசியிருந்தாரு, அதான் கேட்டேன். மொத்தமா ஒரு தொகை சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் ரொம்ப நல்லவர் இல்லைதான். ஆனால் சொன்னது பொய்யில்லை. அந்த மணிக் கணக்கு யாருடையது என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் ரேட்டு நியாயம்தான். முந்நூறு இல்லை, ஐந்நூறு கேட்டிருந்தாலும் நியாயம்தான். நான் அதைச் சொல்லவில்லை. அந்த மொத்தத் தொகைக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கிற அரை மணியும் ஒளிந்திருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்ததை எடுத்து நான்தான் அவர்கள் கண் முன்னால் வைத்தேன். இந்த ஒன்றரை வருஷமாக யாராவது அந்த வீட்டுக்காரரைத் திட்டினால் நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

நேற்று அந்த மெக்கானிக் போன பிறகு என்னால் முடியவில்லை. இன்று காலையில் ஸ்டாண்டுக்கே போய் சேகர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "மணிக் கணக்கு அவரோடது இல்லண்ணே. நான் சொல்லித்தான் அப்படிப் பேசினாரு."

அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "தெரியும் தங்கச்சி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ஆட்டோவுல போறப்ப நான்தான் கிண்டல் பண்ணேன். மணிக்கு முந்நூறா, எப்பலேருந்து மாப்ள இந்தப் பவுசுன்னு. எல்லாம் எங்க வூட்டுக்காரம்மா போட்ட கணக்குன்னு சொல்லி சிரிச்சாரு."

"எப்படிண்ணே சிரிச்சாரு?"

அண்ணன் துணியை உதறினார். "சிரிச்சாரு, அவ்ளோதான். நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேன்."

என் பெண்டாட்டிக்கு எவ்வளவு விவரம் என்று சிரித்தீர்களா? இவள் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று சிரித்தீர்களா? காலையிலிருந்து உங்கள் முகத்தில் அந்தச் சிரிப்பை இரண்டு விதமாகவும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் பொருந்துகிறது.