பினாங்கில் ஒரு பெரியம்மா

என் அன்பு அத்தாவுக்கு, கோபம் பாதி தீர்ந்த உங்கள் மகளின் ஸலாம்.

திண்டுக்கல் பேகம்பூர் வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. நீங்கள் மௌத்தாகி இத்தனை வருஷம் கழித்து இவள் என்ன எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று பார்க்காதீர்கள். இருந்தபோது உங்களோடு உட்கார்ந்து பேச எங்கே நேரம் கொடுத்தீர்கள்? வந்தால் மூன்று மாதம், போனால் இரண்டு வருஷம்.

நாங்கள் போன வருஷம் பினாங்கு போய்வந்தோம் அத்தா. நானும் உங்கள் மருமகனும் அம்மாவும். ஆமாம், அம்மாவும்தான். நம்பித்தான் ஆகவேண்டும்.

உங்களுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது எங்களுக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? நம் தெருவில் தெரியாதவர்கள் யார்? அம்மாவைக் கட்டிய பிறகு, கடையைப் பார்க்கப் போன இடத்தில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மா உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அரிசி களையும்போது மட்டும் "பினாங்குக்காரி" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒரு நாள் அங்கிருந்து போன் வந்தது. உங்கள் பினாங்கு மகள் ரஹிமாதான். "என் மகளுக்கு நிக்காஹ். அத்தா வழியில வந்து நிக்க உங்கள விட்டா யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். என் புத்தி உங்களுக்குத் தெரியுமே. நறுக்கென்று நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா ரிஸீவரைப் பிடுங்கி, "வாரோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"அவ மூஞ்சிக்கு நேரா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்டி. இன்னொருத்தி புருஷன்னு தெரிஞ்சும் எப்படி கழுத்த நீட்டுனேன்னு கேக்கணும். இம்புட்டு வருஷமா தொண்டையில நிக்கிது. கேட்டுட்டேன்னா நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டதால் உங்கள் மருமகன் கேமராவும் கையுமாக எங்களை ஊர் சுற்றிக் காட்டினார். கொடிமலைக்கு ரயிலில் ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்ததும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்தக் குளுருக்கா கடல் தாண்டி வந்தோம்? வத்தலக்குண்டுல கொடைக்கானல் பஸ் ஏறுனாப் பத்தாதா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற தமிழ்க் குடும்பம் சிரித்துவிட்டது.

உங்கள் அத்தா வைத்த மசாலாக் கடையைத் தேடிப் போனோம். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். உங்கள் அத்தாவை அடக்கிய கபுர் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது. உங்கள் மருமகன் உள்ளே போய் பாத்திஹா ஓதினார். நாங்கள் வாசலில் நின்றோம். "மாமா மொகத்தப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முந்துன வருஷமே போய்ட்டாரு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரஹிமா வீட்டுக்குப் போனோம். வாசலுக்கே வந்துவிட்டார் ரஹிமாவின் அம்மா மைமூனா. அம்மாவின் மனதில் இருந்தது மினுக்கிக்கொண்டு நிற்கும் ஒருத்தி. வந்து நின்றவர் கூன் விழுந்த, ஒல்லியான ஒரு கிழவி. அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா கையை உருவிக்கொண்டு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கேள்வி இதோ வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

ஹாலில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. மாலையும் தலைப்பாகையுமாக நீங்கள், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். பக்கத்தில் தலை குனிந்து மைமூனா. பின்னால் உங்கள் தோளில் கை வைத்து ஒரு பெரியவர். ரஹிமா வெள்ளந்தியாகச் சொன்னாள்: "அத்தாவும் அம்மாவும் கல்யாணத்தன்னைக்கு எடுத்தது. பின்னால நிக்கிறது அத்தாவோட அத்தா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே இறந்துபோன மாமனார் இந்தக் கல்யாணத்தில் நிற்கிறார். அப்படியானால் முதலில் வந்தவர் யார்? என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு அவரு சொல்லலியாம்மா?" என்று மைமூனா மெதுவாகக் கேட்டார். இல்லை என்று அம்மா தலையை ஆட்டினாள்.

"எனக்கும் சொல்லல. தாயாருக்கு ஒடம்பு முடியல, பாத்துட்டு வாரேன்னுதான் கப்பல் ஏறுனாரு. திரும்பி வந்தப்ப நகத்துல மருதாணிச் செவப்பு இருந்துச்சு. பாத்தேன். ஒண்ணும் கேக்கல."

அத்தா, அம்மா சுமந்துகொண்டு போன கேள்வி மைமூனாதான் அம்மாவைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கேட்கவில்லை, சாயா போட எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்று அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னடி மரம் மாதிரி நிக்கிற? பெரியம்மாவுக்கு ஸலாம் சொல்லு" என்று அதட்டினாள். சொன்னேன் அத்தா.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? உங்கள் தாயார் கட்டாயப்படுத்தினார்களா? இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லையா? இரண்டு பேரில் ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

அன்று சமையல்கட்டில் நடந்ததையும் கேளுங்கள். மீன் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏங்க்கா, மீன் ஆணம் ருசியா இருந்தா உங்ககிட்ட என்ன சொல்வாரு?" பெரியம்மா சொன்னார்: "உன் கைக்கு ஈடு இந்த ஒலகத்துலயே இல்லம்பாரு." "எங்கிட்டயும் அதேதான்க்கா!" என்றாள் அம்மா. இருவரும் சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் கல்யாண வீடே எட்டிப் பார்த்தது. நீங்கள் மட்டும் அங்கே இருந்திருந்தால் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நிக்காஹ் முடிந்து பெண் துஆ வாங்க வந்தபோது பெரியம்மா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். "மொதல்ல திண்டுக்கல் நன்னிகிட்ட வாங்கு" என்றார். அம்மா உங்கள் பேத்தியின் தலையில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

கிளம்பும் நாள். விமான நிலையத்தில் பெரியம்மா அம்மாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். பை பிடித்துக்கொண்டு நானும் கூடவே நின்றேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? கடைசியில அவரு என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கேட்டாருக்கா. மைமூனா, மைமூனான்னு ரெண்டு தடவ சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, அந்த நேரத்துலயும்" என்றாள்.

பெரியம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

அத்தா, நீங்கள் மௌத்தான அன்று உங்கள் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டவள் நான். பக்கவாதத்தில் உங்களுக்குப் பேச்சு நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. நீங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. அம்மா பெயரைக்கூட.

விமானம் ஏறியதும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "பேச்சு இருந்திருந்தாக் கேட்டுருப்பாருல்லடி?" என்றாள். "கேட்டிருப்பாரும்மா" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை ரஹிமா அக்கா போன் செய்தாள். பெரியம்மா மௌத்தாகிவிட்டார். அம்மா கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்ததுபோல் அழுது, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டி யாசீன் ஓதவைத்தாள். ரஹிமா அக்காவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால்தான் இதையெல்லாம் துணிந்து எழுதுகிறேன்.

இங்கே இருக்கும் வரை அம்மா சொன்னதையே நானும் சொல்வேன், என் பிள்ளைகளிடமும் அதையே சொல்வேன். இது சத்தியம். அங்கே உங்கள் பொறுப்பு. பெரியம்மா உங்களைத் தேடி வந்து கேட்பார். ஆமாம், ரெண்டு தடவை சொன்னேன் என்று சொல்லுங்கள் அத்தா. இத்தனை பொய் சொன்னவர் நீங்கள், அம்மாவுக்காக இந்த ஒன்றையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது மகள்,
பல்கீஸ்