உறை பிரிக்காத இரண்டு மிஷின்கள்

புதுப் பிளாஸ்டிக் உறையின் வாடை பட்டாலே எனக்குக் கோபம் வருகிறது, அத்தா. உங்கள் உயில்படி வாங்கிய இரண்டு டயாலிசிஸ் மிஷின்களும் மாதக்கணக்கில் அந்த உறைக்குள்தான் நின்றன. இரண்டிலும் பித்தளைத் தகடு, அதில் அம்மாவின் பெயர். ஓடாத மிஷினுக்குப் பெயர் எதற்கு?

நான் சொல்லாமலா விட்டேன்? அந்த ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பராமரிப்பது என் வேலை. வாரம் இரண்டு தடவை நீங்கள் வந்து படுத்ததும் அங்கேதான். சிம்மக்கல்லில் இருக்கிற நம் கடையில், உயில் எழுத மார்க்கம் அனுமதிக்கிற மூன்றில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்கு எழுதப்போவதாகச் சொன்ன அன்றே, கட்டில் பக்கத்தில் நின்று விளக்கினேன். மிஷினுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட் சின்னது, இருக்கிற மிஷின்களுக்கே திணறுகிறது, முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும் என்றேன்.

"மொட்டை மாடித் தொட்டியில எவன்டா பேரு வாசிப்பான்? உங்கம்மா பேரு சனங்க கண்ணுல படணும்."

"பேரு படும் அத்தா. மிஷின் ஓடாது."

"வாங்கி வச்சா ஓட்டத் தெரியாதா ஒனக்கு? பெரிய இன்ஜினியரு!"

பக்கத்துக் கட்டில்காரர் வரை சிரித்தார். பள்ளிவாசல் ஃபேன் இறக்கையில் பெயர் எழுதிக் கொடுத்துப் பழகிய கை உங்களுடையது. அந்த ஃபேன் ஓடக் கரண்ட் இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்? அதுகூடப் போகட்டும். 'மிஷின் தவிர வேறெதற்கும் செலவிடக் கூடாது' என்று உயிலில் ஒரு வரி சேர்த்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் வாயை அடைக்கத்தானே அது?

நீங்கள் போனபின், அந்தப் பங்கைக் காசாக்கி அண்ணன் மிஷின் வாங்கினான். "கொஞ்சத்தைத் தண்ணிக்குத் திருப்புவோம்ணே" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மவுத்தானவரு எழுதி வச்ச வஸிய்யத்தை மாத்துனா பாவம்டா. வேணும்னா ஒன் பங்குல செய்யி."

அவனைத் திட்டவும் வழியில்லை. சரியாகத்தான் பேசினான்.

மேலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவார். இடமில்லை என்று திருப்பி அனுப்பும்போதெல்லாம் உறையைக் காட்டுவார். "அந்த ரெண்டும் சும்மாதான நிக்கிது தம்பி? எங்க ஆளுக்கு ஒண்ண மாட்டி விடக் கூடாதா?"

தண்ணீர் போதாது என்றேன்.

"அம்புட்டுத் தண்ணியா வேணும்? நான் வேணா கொடத்துல கொண்டாந்து ஊத்தவா?"

அன்றைக்கே கடையில் என் பங்கை அண்ணனுக்கு விற்பதாகச் சொல்லிவிட்டேன். வில்லாபுரத்தில் வீடு கட்ட நினைத்திருந்தது அதை நம்பித்தான். என் மனைவி வீட்டு வரைபடத்தைச் சுருட்டிப் பரணில் போட்டாள். "மாமாவுக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் யாரைக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?" என்றாள்.

போன வாரம், அந்தக் காசில் போட்ட புது பிளான்ட் ஓடியது. உறையைக் கிழித்தெறிந்தேன். மேலூர்க்காரர் படுத்தார், ஊசி ஏறிய சற்று நேரத்தில் குறட்டை விட்டார். நீங்கள் ஒரு நாளும் அங்கே தூங்கியதில்லை. கண்ணாடிக் கதவு வழியே வெளிப் பெஞ்சில் காத்திருப்பவர்களையே பார்த்துக் கிடப்பீர்கள். "அந்தாளை எப்படா உள்ள விடுவீக?" என்று என்னைப் பிடுங்குவீர்கள்.

கோபம் தீரவில்லை, அத்தா. அன்று காது கொடுத்திருந்தால் அத்தனை மாதம் வீணாகியிருக்காது. திரும்பிப் போனவர்களில் ஒருவர் பிறகு வரவே இல்லை. அவருக்கு யார் பதில் சொல்வது, நீங்களா, நானா?

இப்போதெல்லாம் காலையில் உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் அந்தப் பெஞ்சுக்குத்தான் போகிறது. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி. இன்றும் அது காலியாக இல்லை.