வாசலில் நிற்கும் பெண்

ஜோஸ்மிக்கு,

லீவு கிடைக்கவில்லை என்றது பொய். திருவிழாவில் ஃபாதர் போர்த்தும் பொன்னாடையை வாங்க எனக்குத் தைரியமில்லை.

முன்னூறு வருஷத்துக்கு முன் கடல் கொண்ட நம் மாதா கோயிலின் படம் என்று நான் ஊருக்கு அனுப்பியது, துபாய் தேராவில் பழைய சாமான் கடையில் கிடைத்ததல்ல. இங்கே ருவைஸில் என் ரூமில் நானே வரைந்து, பழசாகத் தெரிய, தாளைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஊரில் பெயர் கிடைக்கும் என்ற ஆசைதான்.

நேற்று போனில் உன் அப்பா அழுதார். "பாட்டன்மார் ஜெபிச்ச கோயில கண்ணால கண்டுட்டேன் மக்கா, இனிச் செத்தாலும் கவலையில்ல." அந்தப் படத்தின்படியே புதுக் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம்.

நீ மட்டும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் வாசலில் மீன்பெட்டியோடு நிற்கும் பெண்ணுக்கு, என்னை அறியாமல், உன் முகத்தை வரைந்துவிட்டேன். புருவத்துத் தழும்புகூட இருக்கிறது.

படத்தைப் பார்த்த அன்றே கண்டுபிடித்துவிட்டாய், இல்லையா?

உன் முகத்தில் விழிக்க முடியாத
உன் கணவன்